இலைச்சாற்றை வெளுக்கச் சொன்னவன் நான்

லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்குப் பார்க்கிற பெரிய கிராணியாக இருக்கிறாரே, அவருடைய மகள் ஞானத்தின் கல்யாணம் நின்றுபோய்விட்டது. நிறுத்தியது நாம் செய்து விற்ற முகப்பூச்சு, அந்த ஸ்நோ. அந்தப் பிள்ளையின் இடது கன்னத்தில் புண் வந்து, புண் ஆறிய இடம் வெளிறித் திட்டுத் திட்டாக நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டார் அதைப் பெருவியாதி, குஷ்டம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். ஸலாம் சொல்லி, நலம் விசாரித்து, மெதுவாக விஷயத்துக்கு வரலாம் என்று எழுதிப் பார்த்தேன், கிழித்துப் போட்டேன். நடந்ததை முதலில் சொல்லிவிட்டேன். இனி ஸலாம். உன் உம்மா நலம். நான் அவ்வளவு நலமில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து நீ போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. அங்கே பெரிய கடைக்காரர் ஒருவர் நம் ஸ்நோவைப் பெட்டி பெட்டியாகக் கேட்கிறார், காய்ந்த இலை மூட்டையை ரயிலில் ஏற்றிவிடுங்கள் வாப்பா என்று எழுதியிருக்கிறாய். எழுத்தில் உன் சந்தோஷம் தெரிந்தது. இந்தக் கஷ்ட காலத்தில், ரப்பர் விலை விழுந்து, பால்மரக்காரர்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும்போது, ஒருவன் பெட்டி பெட்டியாகச் சரக்குக் கேட்கிறான் என்றால் எந்த வியாபாரிக்கும் நெஞ்சு விரியத்தான் செய்யும். ஆனால் நான் இலை அனுப்பவில்லை. அதற்குப் பதில் இதை அனுப்புகிறேன். இது உனக்கு எழுதுகிற கடிதம்; என்றாலும் உனக்கு மட்டும் எழுதுகிற கடிதமில்லை. இதன் ஒரு பிரதி பத்திரிகைக்காரரிடம் போகிறது, நம் ஜனங்கள் எல்லாரும் படிக்கப் போகிறார்கள். ஏன் என்பது போகப் போக உனக்கு விளங்கும். அதனால் அறையில் கூட இருப்பவர்களுக்குத் தெரியாமல் இதைத் தலையணைக்குக் கீழே செருகி வைக்காதே. வெளிச்சத்தில் உட்கார்ந்து படி.

தொழில் எப்படி வந்தது என்பதை உனக்குப் பல தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது பெருமையில்லாமல் சொல்கிறேன், கேள். நான் இந்த மண்ணுக்கு வந்த புதிதில் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு லிங்கி ஆற்றோரத் தோட்டங்களில் சீப்பும் ரிப்பனும் கைலியும் விற்றவன். சம்பளம் போட்ட மறுநாள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் பெட்டியைத் திறந்தால், சாமான் பார்க்க வருகிற பொம்பளைகள் ஒரு கையால் சீப்பை எடுத்து மறு கையால் இடுப்பைச் சொறிவார்கள். விடியற்காலைப் பனியில் நனைந்த துணியோடு உச்சிப்பொழுதுவரை ரப்பர் மரத்தில் பால் வெட்டினால் படர்தாமரை வராமல் என்ன செய்யும்? இடுப்பு, தொடை, விரல் இடுக்கு எல்லாம் வட்டம் வட்டமாக. ஆற்றங்கரைக் கம்பத்துக் கிராமத்தில் ஒரு மலாய்க்கார அம்மா, தன் பிள்ளையின் முதுகில் ஓர் இலையைக் கசக்கித் தேய்ப்பதைப் பார்த்தேன். மஞ்சள் மெழுகுவர்த்தி நட்டு வைத்த மாதிரி பூ நிமிர்ந்து நிற்கும் செடி. அவர்கள் கெலிங்காங் என்கிறார்கள், நாம் சீமையகத்தி என்கிறோம். அந்த அம்மாவுக்கு ஒரு கைலியைக் கொடுத்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வாரத்துக்குள் பிள்ளையின் முதுகு சுத்தமானதைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன். நான் வாங்கிய சரக்கிலேயே லாபமான சரக்கு அந்தச் செய்திதான்.

ஆனால் இலையை அப்படியே விற்க முடியாது. பறித்த மறுநாள் கறுத்துவிடும். சி ரூசாவில் ஒரு தோப்புக்காரரிடம் தேங்காய் எண்ணெய் வாங்கி, இலையை அரைத்துப் போட்டு உன் உம்மா காய்ச்சினாள். கொதிக்கிற இலை சலசலவென்று பேசும். பேச்சு அடங்கும்வரை கிண்ட வேண்டும். பிறகு ஒரு திரியை அந்த எண்ணெயில் நனைத்துக் கொளுத்துவாள். படபடவென்று பொரிந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, இன்னும் காய்ச்ச வேண்டும். சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கி, வடிகட்டி, தேன்மெழுகு சேர்த்து டப்பியில் ஊற்றுவாள். அந்தக் களிம்பு கெட்டுப்போனது என்று யாரும் திரும்பக் கொண்டுவந்ததில்லை. பச்சை நிறம், ஆட்டுத் தழை நாற்றம், பூசினால் துணியெல்லாம் கறை. இருந்தாலும் லயத்தில் அது இல்லாத வீடு இல்லை. தெமியாங்கில் கடை போட்டது அந்த டப்பியில்தான். உன்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அதில்தான். ஆகவே அந்த நாற்றத்தைப் பற்றி நாம் இரண்டு பேரும் கேலி பேசியிருக்கக் கூடாது.

பேசினோம். கிராணிமார் வீட்டுப் பெண்கள் நம் களிம்பைத் தொடமாட்டார்கள் என்பது எனக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. கையில் மாதச் சம்பளம் வைத்திருக்கிற வீடுகள் அவைதான். ஒரு தடவை லிங்கித் தோட்டத்தில், ஞானத்தின் தாயார்தான், டப்பியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "மரைக்காயர், இதைப் பூசிக்கொண்டு நான் கோயிலுக்குப் போனா, ஆட்டுப்பட்டியிலயிருந்து வாறன் எண்டு சனம் நினைக்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ அப்போது சிரம்பானில் மருந்துக்கடைக் கம்பவுண்டருக்குக் கையாளாக இருந்தாய். ஸ்நோ செய்கிற விதம் உனக்குத் தெரிந்திருந்தது: வெள்ளைக் கட்டியாக விற்கிற ஸ்டியரின், கிளிசரின், கொஞ்சம் சோடாக் காரம், மீதியெல்லாம் தண்ணீர். "வெறும் தண்ணிக்குப் பதிலா நம்ம இலைக் கஷாயத்த ஊத்துவோம் வாப்பா. படர்தாமரையக் கொல்ற இலை, முகப்பருவையும் கொல்லும். ஜாடிக்குள்ள பூசணமும் புடிக்காது. இலையே காவல்" என்றாய். நல்ல யோசனை என்று எனக்குப் பட்டது. இன்றைக்கும் அந்த யோசனையை நான் குறை சொல்ல மாட்டேன்.

கெட்டது எங்கே என்றால், நான் வாயைத் திறந்த இடத்தில். நீ முதலில் செய்து காட்டிய ஸ்நோ சேற்றுத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. "இத எவ வாங்குவா? வெள்ளையா இருந்தாத்தான் விக்கும். வெளுக்க வை" என்றேன். நீ கஷாயத்தைக் கரித்தூளில் வடித்தாய். கொஞ்சம் வெளுத்தது. "இன்னும்" என்றேன். மறுபடி வடித்தாய். நிறம் போய், நாற்றம் போய், கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிந்து வந்தது. நான் உன் முதுகில் தட்டினேன். நிறத்தைப் பிடித்து வைத்துக்கொண்ட கரி, அதோடு சேர்த்து இலையின் வீரியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டது என்பது நம் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. நாம் ஊற்றியது வெறும் தண்ணீர், நம்பியது இலையை. ஜாடிக்குக் காவல் போட்டதாக நினைத்துக் காவல்காரனைக் கரியோடு சேர்த்துக் குப்பையில் கொட்டியிருக்கிறோம். இது மருந்துக்கடைக்காரன் செய்கிற தப்பில்லை, அவன் இலையை நம்பி ஆரம்பித்திருக்க மாட்டான். லயத்துக்கே களிம்பு விற்றுக்கொண்டிருந்தாலும் இந்தத் தப்பு வந்திராது, அங்கே எவரும் வெள்ளையாகக் கேட்கவில்லை. இரண்டு பக்கத்திலும் கால் வைத்தவன் செய்கிற தப்பு இது. வாசனைக்கு அத்தர் விட்டுச் செய்த அந்த ஸ்நோவை உன் உம்மா அன்றைக்கு ஒரு விரலால் தொட்டு முகர்ந்துவிட்டு, "அத்தரு வாசந்தான் வருது. அத்தரு வேணும்னா அத்தரே பூசிக்கிட்டுப் போறேன், இது எதுக்கு?" என்று போய்விட்டாள். அவள் புதுசாக எதையும் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று நாம் கண்ணடித்துக்கொண்டோம்.

ஸ்நோ விற்றது. உனக்குத் தெரியும். நீ ஜாடிக்கும் லேபிளுக்கும் நல்ல இடம் பார்க்கச் சிங்கப்பூர் போய் அங்கேயே வேலையில் அமர்ந்த பிறகு, கடைசியாகச் செய்து வைத்துவிட்டுப் போன சரக்கு மாதக்கணக்கில் அலமாரியில் இருந்து விற்றது; ஞானத்தின் வீட்டுக்குப் போனதும் அதில் ஒரு ஜாடிதான். ஞானத்துக்குச் சிரம்பானில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் பென்ஷன் வாங்கிய தலைமைக் கிராணி. கடுமையான மனிதர், கணக்கில் பிசகாதவர். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணை வெயிலில் விடாமல் வீட்டில் வைத்து, பயற்றம் மாவால் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். தோல் சிவந்து எரிந்திருக்கிறது. எரிச்சலுக்குக் குளிர்ச்சியாக நம் ஸ்நோவை அள்ளி அப்பியிருக்கிறார்கள். முதலில் சிறு கொப்புளம். பரு என்று நினைத்து இன்னும் அப்பினார்கள். கொப்புளம் உடைந்து, கன்னம் முழுக்கச் சீழ் கட்டியது. தாலிக்குப் பொன் உருக்குவதற்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது புண் ஆறியிருந்தது. ஆனால் அந்த இடமெல்லாம் வெளிறிய திட்டுகள். அவர்கள் கொண்டுவந்த தட்டைக்கூட இறக்கவில்லை.

கிராணியார் சண்டைக்கு வருவார் என்று நீ நினைப்பாய். அவர் வெள்ளைக் கால்சட்டையும் கோட்டுமாக, கடைக்குள் வந்து, ஜாடியை மேசையில் வைத்து, "மரைக்காயர், இதுக்குள்ள என்ன கலந்தனீங்கள்? எனக்கு அறியோணும், அவ்வளவுதான்" என்றார். நான் வியாபாரி. வாய் முந்திக்கொண்டது. "பிள்ளை வேற ஏதாவது பூசிச்சா?" என்று கேட்டேன். அவர் ஜாடியை என் பக்கம் தள்ளினார். ஜாடியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் கடுகை நுணுக்கித் தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள். அத்தர் வாசனைக்கு அடியில், ஈரத்துணியைப் பெட்டிக்குள் போட்டு மறந்தால் வருமே, அந்த வாடை. அலமாரியில் விற்காமல் மீதியிருந்த ஜாடிகளையும் அவர் முன்னாலேயே திறந்தேன். எல்லாவற்றிலும் அதே வாடை. "கிராணியாரே, கெட்டுப்போன சரக்கை உங்கள் வீட்டுக்குக் கொடுத்திருக்கிறேன்" என்று சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப அது மற்ற வருத்தம் இல்லைத்தானே?" என்றார். "இல்லை" என்றேன். "நீங்கள் சொன்னாப் போதுமோ?" என்றார். போதாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸர் பொறுமையான ஆள். ஞானத்தைக் கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகால் அந்தத் திட்டுகளைத் தடவிப் பார்த்து, எல்லா இடத்திலும் உணர்ச்சி இருக்கிறது, பெருவியாதி என்றால் மரத்துப்போயிருக்கும், இது அந்த நோயில்லை என்று சொல்லிவிட்டார். "அந்த ஆள் கிராணி வீட்டில சாப்பிடுற ஆள், வேற என்ன சொல்லுவான்?" என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். பெருவியாதி ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிடம் காட்டலாம்தான். ஆனால் அந்த வாசலில் ஒரு பெண் போய் நின்றாலே பேர் கெட்டுவிடும். சந்தேகம் என்றாலும் நோயாளிகளோடு அங்கேயே வைத்துப் பார்ப்பார்கள் என்று டிரெஸரே பயந்தார். இதற்குள் எவனோ தோட்டத்துத் துரைக்கு மொட்டைக் கடுதாசி எழுதிவிட்டான். துரை கிராணியாரைக் கூப்பிட்டு, தை மாதம் வரை பார்ப்பேன், அதற்குள் முகம் தெளியாவிட்டால் பெண்ணை அங்கே அனுப்பத்தான் வேண்டும், இல்லை நீ தோட்டத்துக் குவாட்டர்ஸ் வீட்டைக் காலி செய் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே, மகனே, இது ஒரு கல்யாணம் நின்ற விஷயம் மட்டும் இல்லை என்பதைப் புரிந்துகொள். அந்த வேலிக்குள் போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

நான் மாப்பிள்ளையின் தகப்பனாரைப் போய்ப் பார்த்தேன். ஜாடிகளைத் திறந்து காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "மரைக்காயரே, சரக்கு கெட்டது எண்டு தானே வந்து சொல்லுற வியாபாரியை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன். கிராணி உமக்கு என்ன தந்தவர்?" என்றார். நியாயமான சந்தேகம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். திரும்பி வருகிற வழியில் ஒரு முடிவுக்கு வந்தேன். மறுநாள் காலை சவரம் செய்த கையோடு, வலது கன்னத்தைப் பீர்க்கங்கூட்டால் சிவக்கத் தேய்த்து, அந்த ஸ்நோவை எடுத்து அப்பினேன். உன் உம்மா பார்த்துவிட்டாள். "ஏங்க, உங்களுக்கு என்ன பைத்தியமா? வயசுப் பொண்ணு மூஞ்சி போனது பத்தாதா, கெழட்டு மூஞ்சியும் போவணுமா?" என்று ஜாடியைப் பிடுங்கினாள். "விடு, இது இனிமே யாருக்கு வேணும்" என்றேன். விடாமல் பூசினேன். கொப்புளம் வந்தது, சீழ் வந்தது, காய்ச்சல் வந்தது. புண் ஆறியதும் எனக்கும் அதே வெளிறிய திட்டுகள் வந்தன. கண்ணாடியில் பார்த்தபோது, தப்பாக நினைக்காதே, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாட்சி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

எவ்வளவு கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பார். அந்த முகத்தோடு போய் நின்றேன். தகப்பனார் இரண்டடி பின்னால் போனார். "அங்கேயே இரும், கிட்ட வராதையும்" என்று நாற்காலியை முற்றத்தில் போடச் சொன்னார். ஜாடிதான் காரணம் என்று காட்டப் போனவன், ஒட்டிக்கொள்ளும் நோய் என்று காட்டிவிட்டு வந்தேன். கிராணி வீட்டில் தண்ணீர் குடித்தாராம், மரைக்காயருக்கும் தொற்றிக்கொண்டது என்று தோட்டத்துக்குத் தோட்டம் செய்தி போயிற்று. ஞானத்தின் மேல் இருந்த சந்தேகம் என்னால் உறுதியாகிவிட்டது. ஊர் அம்பட்டன் கடையைச் சாத்திவிட்டு டவுனுக்குப் போனதாகச் சொல்லி அனுப்பினான். வாசலில் போய் நின்றேன், உள்ளே அவன் இருமல் சத்தம் கேட்டது. லயத்தில் களிம்பு வாங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவி, "மூஞ்சிக்கு மருந்து விக்கிற ஆளு மூஞ்சியே இப்புடின்னா, நாங்க எங்க லா போறது?" என்று சிரித்துக்கொண்டே, டப்பியைக் கையில் வாங்காமல் தரையில் வைக்கச் சொன்னாள். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் தோளோடு தோள் நிற்க வேண்டிய வரிசையில் என் இரு பக்கமும் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டார்கள். குனியும்போது அந்த வெறும் இடம் தெரிந்தது. உன் உம்மா மட்டும் என் தட்டிலிருந்து மீனை எடுத்துத் தின்றுகொண்டு, "நல்ல வேளை, கடன்காரனும் கிட்ட வரமாட்டான்" என்றாள். அன்றைக்கு வீட்டில் சிரித்தவள் அவள் ஒருத்திதான்.

இங்கே உனக்கு ஒரு வார்த்தை. நீ ஒருநாள் பெரிய வியாபாரி ஆவாய். என்னைவிடப் படித்தவன், கை சுத்தமானவன். ஆளுக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடிக்கிற மூளை உனக்கு என்னிடமிருந்து வந்திருக்கிறது. அதை வைத்துத்தான் நான் மேலே வந்தேன், அதை வைத்துத்தான் கீழேயும் விழுந்தேன். வாங்குகிறவர் கேட்கிற நிறத்தையும் வாசனையையும் கொடு, அதில் தப்பில்லை. ஆனால் அதற்காகச் சரக்கிலிருந்து ஒன்றை எடுக்கும்போது, கூடவே வேறு எது போகிறது என்று பார்த்துவிட்டு எடு. பார்க்கத் தெரியாவிட்டால், தெரிகிறவரை விற்காதே. கொஞ்சத்தை மாதக் கணக்கில் இந்தப் புழுக்கத்தில் வைத்துப் பார். நாம் போன வருஷம் முதல் சரக்கைச் செய்த வாரமே விற்றோம். அந்த அவசரம் உன்னுடையதில்லை, என்னுடையது. நீ கொஞ்சம் வைத்துப் பார்ப்போம் என்றாய். தீபாவளி வருகிறது, இப்போது விட்டால் விற்காது என்றவன் நான். செடியிலிருந்து வந்தது என்பதால் ஒரு பொருள் கெடுதல் செய்யாது என்று லேபிளில் அச்சடித்ததும் நான் சொல்லிக் கொடுத்த வாசகம்தான். ஊரில் யார் கேட்டாலும் இதை இப்படியே சொல்.

போன வாரம் கிராணியாரோடு ஞானமே கடைக்கு வந்தாள். முக்காடு போட்டு முகத்தை மூடிக்கொண்டு வருவாள் என்று நினைத்தேன். திறந்த முகத்தோடு வந்தாள். என்னை நெருங்கி நின்று உற்றுப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு வெளி மனுஷி என் பக்கத்தில் நின்றாள். "உங்களுக்கு வலக் கன்னம், எனக்கு இடக் கன்னம். ரெண்டு பேரையும் சேத்து நிறுத்தினா ஒரு நல்ல முகம் வரும்" என்றாள். கிராணியார், "பிள்ளை, பகிடி விடுற நேரமோ இது?" என்றார். "அப்பா, அழுது பாத்தாச்சுத்தானே" என்றாள். பிறகு என்னிடம், "உங்கட பழைய பச்சைக் களிம்பு தேமலுக்குக் கேக்குமெண்டு அம்மா சொன்னவ. மெய்யோ?" என்று கேட்டாள். கேட்கும் என்றேன். "பெருவியாதிக்குக் கேக்குமோ?" கேட்காது என்றேன். "அப்ப ரெண்டு பேரும் ஒரே டப்பியில எடுத்துப் பூசுவம். ஒரே சாமானால வந்ததெண்டா ஒரே மாதிரி மாறோணும். உங்கடது மாறி என்ரது மாறாட்டி, அது வேற வருத்தம். அப்ப நானே நடந்து போறன், ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்."

நான் எத்தனையோ பேரம் பேசியிருக்கிறேன். தன் உயிரைத் தராசில் வைத்துவிட்டு இப்படி நிமிர்ந்து நின்றவர்களைப் பார்த்ததில்லை. "அந்த மாப்பிள்ளை மேல உனக்கு அவ்வளவு விருப்பமாம்மா?" என்று கேட்டேன். "அவரை நான் ஒருக்கா, கதவு இடுக்கால பாத்தனான். இது அவருக்காக இல்லை. என்ர பேரை அந்த இடத்துக் கணக்கில எழுதப்படாது, அதுக்காக" என்றாள். பிறகு, "இதை ஒளிச்சு வச்சுச் செய்தா ஒருத்தரும் நம்பமாட்டினம். எங்கட பேரைப் போட்டே பேப்பரில எழுதுங்கோ. மறைச்சு வச்சுத்தான் இவ்வளவும் வந்தது" என்றாள். அவள் பெயரை நான் இங்கே எழுதியிருப்பது அவளும் கிராணியாரும் சொல்லித்தான். நீ இதைப் படிக்கும்போது ஒரு வார்த்தையும் அவளைப் பற்றி உன் கூட்டாளிகள் பேசவிடாதே.

களிம்பு கேட்குமா என்று நீ நினைப்பாய். எனக்கும் முழு நிச்சயம் இல்லை. லயத்தில் தேமலுக்குக் கேட்டிருக்கிறது. ஆனால் அதெல்லாம் முதுகு, கழுத்து. ஒரு வருஷம் ஆகியும் நிறம் திரும்பாத ஆட்களும் உண்டு, அவர்களைப் பற்றி நான் யாரிடமும் விற்கும்போது சொன்னதில்லை. அவளிடம் சொன்னேன். "தெரியும், டிரெஸர் சொன்னவர்" என்றாள். நான் நல்ல செய்தி சொல்கிறேன் என்று எதிர்பார்க்காதே. தை மாதம் நெருங்கிக்கொண்டிருக்கிறது.

நேற்று நானும் கிராணியாரும் டிரெஸரும் மாப்பிள்ளையின் தகப்பனார் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அவரோடு பேசினோம். என் நாற்காலி இன்னும் தள்ளித்தான் இருந்தது, ஆனால் இந்தத் தடவை அவர் காப்பி வரவழைத்தார். ஞானம் சொன்னதை நான் சொல்லக் கேட்டுவிட்டு, "இது கணக்கு. இதை நான் ஒத்துக்கொள்ளுவன்" என்றார். ஒரு நிபந்தனை மட்டும் தானாகச் சேர்த்தார்: "கெடுத்த கைதான் காய்ச்சோணும். உம்மட மகன் வரட்டும். வராட்டி உங்களுக்கே உங்கட மருந்தில நம்பிக்கை இல்லையெண்டுதான் நான் எடுப்பன்." நான் சரி என்றேன். உன்னைக் கேட்காமல் சரி என்றேன். அதற்கு உனக்குக் கோபம் வந்தால் இங்கே வந்து கோபித்துக்கொள்.

பேசி முடித்தது இதுதான். நீ அந்தக் கடைக்காரருக்கு ஸ்நோ கிடையாது என்று உன் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டு, இந்தக் கடிதம் கண்டதும் அடுத்த ரயிலில் புறப்பட்டு வருவாய். நம் முற்றத்தில், டிரெஸர் பார்த்திருக்க, நீயே இலை பறித்து, நீயே அரைத்து, உம்மா காய்ச்சிய விதத்திலேயே காய்ச்சுவாய்; வேறு எதையும் சேர்ப்பதுமில்லை, எடுப்பதுமில்லை. டப்பிகள் டிரெஸர் கையில் இருக்கும். ஞானமும் நானும் காலையும் மாலையும் அதிலிருந்தே எடுத்துப் பூசுவோம். மாதம் ஒருமுறை இரண்டு கன்னங்களையும் மாப்பிள்ளையின் தகப்பனார் பகல் வெளிச்சத்தில் பார்ப்பார். தை பிறக்கும்போது இரண்டும் ஒரே விதமாகத் தெளிந்துகொண்டு வந்தால், முன்பு பேசிய சீதனத்துக்கு மேல் ஒன்றும் கேட்காமல் கல்யாணம் நடக்கும். துரையிடம் வந்து சொல்வதும் அவர் பொறுப்பு. என் கன்னம் தெளிந்து அவள் கன்னம் தெளியாவிட்டால் அவர்களுக்கு நம்மோடும் கிராணியாரோடும் பேச்சில்லை. தெமியாங் கடை அன்றைக்கே ஞானத்தின் பெயருக்கு மாறும், அவள் எங்கே இருந்தாலும் அதன் வருமானம் அவளுக்குப் போகும். அதற்கு நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், டிரெஸர் சாட்சி. இரண்டுமே தெளியாவிட்டாலும் கடை அவளுடையதுதான்; அதோடு அந்த வேலிக்குள் அவளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் நானும் ஏறிக்கொள்வேன்.